நரோயா வரிசையில் போட்ட 0

டிரைலோபைட் என்ற அழிந்துபோன கடல் கணுக்காலிகளின் வம்ச மரத்தை வரைய ஒரு பண்பு அட்டவணை: விலங்குக்கு ஒரு வரிசை, பண்புக்கு ஒரு பத்தி, பண்பு இருந்தால் 1, இல்லையென்றால் 0. அதில் டிரைலோபைட்டுக்கு உறவான நரோயாவின் வரிசை, முகப் பிளவுக்கோடு என்ற பத்தி. அந்தக் கட்டத்தில் 0 போட்டது சரிதானா என்ற உறுத்தல் மரம் வரைந்து முடித்த பிறகும் போகவில்லை.

டிரைலோபைட் சட்டை உரிக்கும்போது, கண்மேட்டை ஒட்டி ஓடும் இந்தக் கோட்டில்தான் தலைக் கவசம் பிளந்து கன்னத் தகடுகள் கழலும். ஆதி டிரைலோபைட்டுகளில் ரெட்லிச்சியா வகைகளில் இது உண்டு. ஓலெனெல்லஸ் வகைகளின் மேற்புறத்தில் இல்லை. அவை தலை விளிம்பை ஒட்டிய கோட்டில் பிளந்தன. களிப்பாறையில் நசுங்கிய தலையில் வெடிப்பும் கோடுபோலவே தெரியும் என்பதால், மாதிரியைக் கறுப்பாக்கி, மேலே அம்மோனியம் குளோரைடு புகையைப் படியவிட்டு, இடது மேல்மூலையிலிருந்து ஒளியைத் தாழ்வாகச் சாய்த்துப் பார்க்க வேண்டும். கோடு இருபுறமும் ஒரே வளைவில் ஓட வேண்டும். கழன்ற கன்னத் தகடுகள் தனியாகவும் கிடைக்க வேண்டும். ஓலெனெல்லஸில் இரண்டும் இல்லை. அங்கே 0 உறுதி.

ஆனால் அது எந்த ‘இல்லை’? ஒருநாளும் தோன்றாததா, இருந்து மறைந்ததா? அதைத் தீர்மானிப்பது புறக்குழு, அதாவது ஒப்பிடுவதற்காக அட்டவணையில் சேர்க்கும் வெளி உறவு; இங்கே நரோயா. நரோயாவிலும் 0 என்றால், கோடு இல்லாமையே தொல்நிலை என்று மரம் வரையும் கணினி நிரல் எடுத்துக்கொண்டு ஓலெனெல்லஸ் கிளைகளை வேரருகே இழுத்துவிடும். நரோயாவின் ஓட்டில் சுண்ணாம்பு ஏறவில்லை; முதுகுப்புறக் கண்ணும் இல்லை. கண்ணை ஒட்டி ஓட வேண்டிய கோட்டைக் கண்ணில்லாத தலையில் தேடி, ‘இல்லை’ என்று எழுதுவது என்ன கணக்கு? ‘பொருந்தாது’ என்று சிறுகோடு போட்டிருக்கலாம்.

நரோயாவும் இந்தக் கோடு இல்லாமலே சட்டை உரித்த விலங்குதானே என்பது 0க்கான வாதம். சங்கடமான கட்டங்களுக்கெல்லாம் சிறுகோடு போட்டால் மரத்துக்கு வேரே இருக்காது என்பது இன்னொன்று. இரண்டிலும் நியாயம் உண்டு. சில தலைத் துண்டுகளே மிஞ்சிய ஆதி வகைகளில், ஒரு கட்டம் இவ்வளவு எடை தாங்கலாமா என்பதுதான் அதற்கு மேலும் நிற்கிற கேள்வி.

ஏனெனில் டிரைலோபைட்டுகள் முதலில் எங்கே தோன்றின என்பதும் அதிலேயே தொங்குகிறது. 0 என்றால், ஓலெனெல்லஸ் போலவே கோடில்லாத ஃபல்லோடாஸ்பிஸ் வகைகள் வேரருகே வரும். சைபீரியாவின் லீனா ஆற்றுப் பாறைகளில் கிடைக்கும் புரோஃபல்லோடாஸ்பிஸ் அந்த வகை. சைபீரியா தாயகமாகத் தோன்றும். சிறுகோடு என்றால், கோடுள்ள பிகோட்டினா வகைகளும் அதே இடத்துக்குப் போட்டியிடும். அவை மொராக்கோ, ஸ்பெயின், நார்மண்டியில் உண்டு. சைபீரியாவிலும் உண்டு என்பதால், மாற்றினாலும் அந்த மூன்று இடங்களும் அன்று சேர்ந்திருந்த மேற்கு கோண்டுவானா என்ற பழைய பெருங்கண்டப் பகுதிக்குத் தெளிவான வெற்றி இல்லை. மேற்கு வட அமெரிக்காவின் ஃபிரிட்சாஸ்பிஸ் என்ற ஆதி டிரைலோபைட்டும் ஏறக்குறைய அதே காலம், சுமார் 52.1 கோடி ஆண்டுகளுக்கு முன். கண்டத்துக்குக் கண்டம் அடுக்குகளைப் பொருத்தக் கைகொடுப்பவை பாறையில் கார்பன்-13 அளவு ஏறி இறங்கும் வளைவும், ஆர்க்கியோசயாத் என்ற கடற்பஞ்சு வகைப் புதைபடிவங்களும். அதில் பத்து இருபது லட்சம் ஆண்டு பிசகினாலே ‘முதல்’ யார் என்பது மாறிவிடும்.

டிரைலோபைட் உருவம் மாறிய வேகம், அவை பாறையில் தோன்றியது முதலே கேம்பிரியன் என்ற அந்தப் புவிக்காலத்தில் ஏறத்தாழச் சீராக இருந்தது என்று பேட்டர்சன், எட்ஜ்காம், லீ மூவரும் 2019இல் காட்டினார்கள். அப்படியானால் பெரிய கிளைப்பு ஓடு கடினமாவதற்கு முன்பே நடந்திருக்க வேண்டும். அந்தக் காலத்திலிருந்து ரூசோஃபைக்கஸ் போன்ற, சேற்றில் விலங்குகள் தோண்டிய தடங்கள் இருக்கின்றன. தடத்தில் முகக்கோடு பதியாது.

இப்போது 0 போட்டதும் சிறுகோடு போட்டதுமாக இரண்டு அட்டவணைகளும் பக்கத்தில் இருக்கின்றன. இரண்டின் மரங்களையும் சேர்த்தால் எந்தக் கிளை முதல் என்று தெரியாமல் வேர் சீப்புப்போல் பிரிகிறது, சைபீரியாதான் தாயகம் என்பது கரைகிறது. நேர்மையான விடை அதுவே என்று தோன்றுகிறது. ஆனாலும் முதல் படமாக இன்னும் நிற்பது 0 போட்ட மரம்தான்.