கிக்ஆஃபிலிருந்து பின்னோக்கி எண்ணுங்கள்

செப்டம்பர் பிறந்துவிட்டால் கான்சாஸ் சிட்டியில் எங்கள் ஞாயிற்றுக்கிழமைச் சமையல் அமெரிக்கக் கால்பந்து நடக்கும் ஆரோஹெட் மைதானத்தின் கார் நிறுத்துமிடத்தில்தான். இப்படி ஆட்டத்துக்கு முன்னால் காரருகே சமைத்துக் கூடிச் சாப்பிடும் டெயில்கேட் விருந்து நடத்த ஆசைப்படும் நண்பர்கள் எல்லோரும் முதலில் மெனுவைத்தான் கேட்பார்கள். நான் கடிகாரத்திலிருந்து ஆரம்பிப்பேன்.

கிக்ஆஃப், அதாவது ஆட்டம் தொடங்குவது, பகல் 12 மணிக்கு என்று வைத்துக்கொள்ளுங்கள். பாதுகாப்புச் சோதனை வரிசை நீளும், அதனால் பதினொன்றே காலுக்கு நடையைக் கட்டிவிட வேண்டும். சாமான்களை வண்டியில் ஏற்ற அரை மணி. அடுப்பு ஆறுவதற்கு அதற்கும் முன்னால் அரை மணி. ஆக, பத்தேகாலுக்குள் கடைசி இறைச்சித் துண்டு தட்டில் விழுந்திருக்க வேண்டும். இப்படிக் கணக்குப் போட்டால், கார் நிறுத்துமிடத்துக்குள் நுழைய எட்டு மணி என்பதுகூடத் தாமதம் என்று புரியும். பார்க்கிங் பாஸை முன்கூட்டியே வாங்கிவிடுங்கள். நாலைந்து கார்கள் சேர்ந்து போவதாக இருந்தால் வழியில் ஒரு பெட்ரோல் பங்கில் கூடி, வரிசையாக நுழையுங்கள். தனித்தனியாக வந்தால் ஆளுக்கொரு மூலைதான் கிடைக்கும்.

கரியா, கேஸா? கரியின் வாசனை எனக்கும் பிடிக்கும். ஆனாலும் இங்கே நான் கேஸ் கிரில்தான் கொண்டுபோவேன். கரித்தணல் மேலே சாம்பல் பூத்து அணைந்தது போலத் தெரியும், உள்ளே பல மணி நேரம் கனன்றுகொண்டே இருக்கும். அதை வண்டிக்கு அடியில் தள்ளிவிட்டு மேட்ச் பார்க்கப் போவது பெரிய ஆபத்து. கரிதான் வேண்டும் என்றால், தணல் கொட்டுவதற்கென்று வைத்திருக்கும் தொட்டி எங்கே என்று வந்தவுடனேயே பார்த்து வையுங்கள். எந்த அடுப்பானாலும் கூடாரத்துக்குள் வேண்டாம். மழை பெய்தாலும் வேண்டாம், கார்பன் மோனாக்சைடுக்கு வாசனை கிடையாது.

வெட்டுவது, ஊறவைப்பது எல்லாம் முந்தைய இரவே வீட்டில் முடிந்துவிட வேண்டும். எலும்பில்லாத கோழித் தொடையைத் தயிர், மிளகாய்த்தூள், இஞ்சி பூண்டு விழுதில் பிரட்டி ஜிப் பைகளில் தட்டையாக அடுக்குவேன். குளிர்பெட்டி இரண்டு வேண்டும். குடிப்பதற்கானவை இருக்கும் பெட்டியை நிமிடத்துக்கு ஒருவர் திறப்பார். இறைச்சி அதில் இருந்தால் குளிர் நிற்காது. தண்ணீர் பாட்டில்களை உறைய வைத்து இறைச்சிப் பெட்டியில் போட்டால் ஐஸும் ஆச்சு, அப்புறம் குடிக்கவும் ஆச்சு.

தெர்மாமீட்டர் இல்லாமல் போகாதீர்கள். கோழிக்கு உள்ளே 165 டிகிரி ஃபாரன்ஹீட், மாட்டிறைச்சி பர்கருக்கு 160. சமைத்ததை வெளியே 2 மணி நேரத்துக்கு மேல் வைக்கக் கூடாது. வெயில் 90 டிகிரியைத் தாண்டினால் 1 மணி நேரம்தான். செப்டம்பரில் இந்த ஊர் அப்படியும் காயும்.

எங்கள் கூட்டத்தில் சைவம் சாப்பிடுபவர்கள் நிறைய. அவர்கள் கையில் சிப்ஸ் பொட்டலத்தைக் கொடுத்து நிறுத்திவிடுவதை என்னால் ஏற்கவே முடியாது. பனீர், குடைமிளகாய், சோளம் எல்லாம் சுத்தமான கிரில்லில் முதலில் வேகும். அவர்களுக்குப் பரிமாறின பிறகுதான் கோழி ஏறும். இடுக்கியும் தனி.

விளையாட்டுக்கு கார்ன்ஹோல் போதும், சாய்வான பலகையில் இருக்கும் ஓட்டைக்குள் சின்னப் பைகளை எறிகிற ஆட்டம் அது. முறைப்படி இரண்டு பலகைகளுக்கும் நடுவே 27 அடி இருக்க வேண்டும். நெரிசலில் அவ்வளவு இடம் கிடைக்காது, கிட்டே வைத்து ஆடுங்கள், குழந்தைகளுக்கும் அதுதான் வசதி. பக்கத்து வண்டிக்காரர்களையும் கூப்பிடுங்கள். ஒரு தட்டு கோழி அந்தப் பக்கம் போனால் ஒரு தட்டு விலா எலும்பு இந்தப் பக்கம் வரும், அதுவும் இந்த ஊர் பார்பிக்யூ!

கைப்பைகளைக் காரிலேயே விட்டுவிடச் சொல்லுங்கள். அமெரிக்கக் கால்பந்து லீகான என்எஃப்எல்லின் மைதானத்துக்குள், கையகலப் பர்ஸைத் தவிர்த்தால், 12க்கு 6க்கு 12 அங்குலத்துக்கு மிகாத, உள்ளே இருப்பது தெரிகிற பைதான் போகும். அப்புறம், திரும்பி வரும்போது வண்டி ஓட்டப்போவது யார் என்று வீட்டிலேயே பேசி முடித்துவிடுங்கள். அன்றைக்கு அவருக்கு பீர் கிடையாது, முதல் தட்டு அவருக்குத்தான்.