பொன்னனின் வயிறும் உப்புவெளி மணலும்

பொன்னன் எங்கள் வீட்டுக்கு வந்து நான்கு ஆண்டுகள் ஆகின்றன. கொழும்பில் இருந்த என் மச்சான் குடும்பத்துடன் கனடாவுக்குப் புறப்பட்டபோது, கண்ணாடிப் பெட்டியோடும் மின்குமிழ்களோடும் என்னிடம் ஒப்படைத்துவிட்டுப் போன பியர்டட் டிராகன் என்ற பல்லி அவன். அவுஸ்திரேலியாவின் வறண்ட உட்பகுதிக்குரிய இந்த இனம் பார்ப்பதற்கு எங்கள் வேலி ஓணானைப் போலவே இருக்கும். கோபம் வந்தால் கழுத்துத் தோல் தாடியாக விரிந்து கறுத்துவிடும். இதைப் படித்துவிட்டு நம் ஊர் உடும்பைப் பிடித்துப் பெட்டியில் அடைக்க யாரும் எண்ண வேண்டாம். அது சட்டத்தால் பாதுகாக்கப்பட்ட உயிர்.

இரண்டு ஆண்டுகளுக்கு முந்தைய மார்கழியில் நான் அவனை ஏறத்தாழ இழந்துவிட்டேன். பாலைநிலத்து விலங்குக்கு மணல்தானே இயல்பான தரை என்று நம்பி, உப்புவெளிக் கடற்கரையிலிருந்து மணல் அள்ளி வந்து, ஐந்தாறு தரம் கழுவி, வெயிலில் உலர்த்திப் பெட்டியில் பரப்பியிருந்தேன். திருகோணமலையின் வெக்கைக்கு மேல் இன்னொரு சூடு எதற்கு என்று எண்ணி, வெப்ப விளக்கையும் பெரும்பாலும் அணைத்தே வைத்திருந்தேன். வாடைக் காற்றும் மழையும் தொடங்கிய பிறகும் அந்தப் பழக்கத்தை மாற்றவில்லை.

முதலில் அவன் கீரையைத் தொடாமல் விட்டான். பிறகு தான் மிகவும் விரும்பும் கரப்பான் பூச்சியைக்கூடப் பார்த்துவிட்டுத் தலையைத் திருப்பிக்கொண்டான். மழைக்குளிரில் இவை உறக்கநிலைக்குப் போவதுண்டு என்று படித்திருந்ததால், அதுவாகவே இருக்கும் என்று ஒரு வாரத்தை வீணாக்கினேன். உறங்கும் பல்லி பெரிதாக எடை இழக்காது, நோயுற்ற பல்லி இழக்கும் என்ற வேறுபாட்டை அப்போது நான் அறிந்திருக்கவில்லை. சமையலறைத் தராசில் வைத்தபோது 380 கிராம் இருந்தவன் 350 கிராமுக்கு இறங்கியிருந்தான். பத்து நாட்களாக மலம் இல்லை. வயிறு இருபுறமும் புடைத்திருந்தது. வாலை உயர்த்தி முக்கினான், ஒன்றும் வரவில்லை. பதினோராம் நாள் வலது பின்கால் இழுபடத் தொடங்கியது.

பல்லி இனங்களின் செரிமானம் பாதி அவற்றின் உடலுக்கு வெளியே இருக்கிறது என்பதை நான் அந்த நாட்களில்தான் விளங்கிக்கொண்டேன். நம்மைப் போல உடற்சூட்டைத் தாமே உண்டாக்கிக்கொள்ள முடியாத இவற்றின் வயிற்றில், உணவைச் சிதைக்கும் நொதிகள் வேலை செய்வதற்கும் குடல் அசைவதற்கும் வெளிச்சூடு வேண்டும். பியர்டட் டிராகன் படுத்துக் குளிர்காயும் கல்லின் மேற்பரப்பு 38 முதல் 42 பாகை செல்சியஸ் வரையும், பெட்டியின் மறுமுனை 25 பாகை அளவிலும் இருக்க வேண்டும். நமக்கு வியர்த்துக் கொட்டும் 32 பாகை வெக்கைகூட அதற்குப் போதாது. சூடு குறைந்தால், உண்டது செரிக்காமல் தேங்கி அழுகத் தொடங்கும். சில வேளைகளில் முழுப் பூச்சியாகவே வாந்தியில் வரும். எனவே வயிறு சரியில்லை என்று தெரிந்தவுடன் முதலில் பார்க்க வேண்டியது வெப்பமானியையே. சூடு சரியாகும் வரை புதிய உணவு கொடுக்கக் கூடாது.

கடற்கரையில் மான்கள் பொலித்தீனைத் தின்று இறப்பதைப் பார்த்துப் பழகிய ஊர் இது. அப்படியிருந்தும், வாய்க்குள் போனதெல்லாம் வெளியே வந்துவிடும் என்று நான் எப்படி நம்பினேனோ தெரியவில்லை.

பெரியம்மா ஆமணக்கெண்ணெய் கொடுக்கச் சொன்னார். பிள்ளைகளுக்குப் பேதி கொடுத்து வளர்த்தவர் அன்போடு சொன்ன யோசனைதான். ஆனாலும் பல்லியின் மூச்சுக்குழல் வாசல் நாக்கின் அடிப்பகுதியிலேயே திறந்திருப்பதால், வாயில் ஊற்றும் எண்ணெய் எளிதில் நுரையீரலுக்குள் இறங்கிவிடும். நான் செய்தது வேறு. ஏறத்தாழ 32 பாகையில் வெதுவெதுப்பான நீரைப் பேசின் ஒன்றில் அவனுடைய முழங்கை அளவுக்கு மட்டும் ஊற்றி, இருபது நிமிடம் நிற்கவிட்டேன். வயிற்றை நெஞ்சிலிருந்து வால் நோக்கி விரல் நுனியால் மிக மெதுவாக நீவினேன். அவித்து மசித்த பூசணியில் சில துளிகளை உதட்டில் தடவினேன். இலேசான மலச்சிக்கல் இந்த அளவிலேயே தீர்ந்துவிடுவதுண்டு. ஆனால், கால் இழுபட்டாலோ, வாந்தி எடுத்தாலோ, வயிறு கல்லாக இறுகியிருந்தாலோ வீட்டு வைத்தியத்தில் ஒரு நாளைக்கூட இழக்கக் கூடாது. நான் இரண்டு நாட்களை இழந்தேன்.

நம் ஊர் மிருக வைத்தியர்கள் பெரும்பாலும் மாடு, ஆடு, நாய்களையே பார்ப்பவர்கள். ஊர்வனவற்றில் பழக்கமுள்ள ஒரு வைத்தியரைக் கண்டியில் கேட்டறிந்து, விடியற்காலை பஸ்ஸில் புறப்பட்டோம். எக்ஸ்ரே படத்தில் குடலின் பின்பகுதி வெண்மையாக ஒளிர்ந்தது. அவ்வளவும் மணலும் சிப்பித் துகள்களும். உடலில் கல்சியம் குறைந்ததால் அதைத் தேடி அவன் மணலை நக்கியிருக்கலாம் என்று வைத்தியர் விளக்கினார். புற ஊதாக் கதிர் தரும் மின்குமிழ் எரிந்துகொண்டிருந்தாலும் மாதங்கள் செல்லச் செல்ல அந்தக் கதிர் தேய்ந்துவிடும். கண்ணாடி யன்னல் வழியே வரும் வெயிலிலும் அது இராது. அந்தக் கதிர் இல்லாமல் விற்றமின் டி3 உருவாகாது. விற்றமின் இல்லாமல் கல்சியம் உடலில் சேராது. கல்சியம் குறைந்தால் குடல் தசையும் சோர்ந்துவிடும். நான் அந்த மின்குமிழை வந்த நாள் முதல் மாற்றவே இல்லை. தோலின் கீழ் நீர் ஏற்றி, வெதுவெதுப்பான நீரால் எனிமா கொடுத்து, அறுவைச் சிகிச்சை இல்லாமலே அவனைக் காப்பாற்றினார்கள். மூன்றாம் நாள் வெளிவந்த மணலைக் கண்டு என் மகள் அழுதாள்.

இப்போது பெட்டியின் தரையில் சாதாரணத் தரை ஓடு பதித்திருக்கிறேன். ஒவ்வொரு நாளும் மலத்தைப் பார்த்துக் கொப்பியில் எழுதுகிறேன். கபில நிறப் பகுதி உருவோடும், யூரிக் அமிலமான வெள்ளைப் பகுதி மென்மையாகவும் இருந்தால் நலம். வெள்ளை மஞ்சளாகி இறுகினால் நீர் போதவில்லை. கடும் நாற்றத்தோடு தண்ணீராகப் போவது நீடித்தால் ஒட்டுண்ணியைச் சந்தேகிக்க வேண்டும். கொக்சிடியா என்ற நுண்ணிய ஒட்டுண்ணிக்கும் ஊசிப்புழுவுக்கும் மருந்துகள் வெவ்வேறு என்பதால், நுண்ணோக்கியில் பார்க்காமல் நாய்க்குரிய பூச்சி மருந்தைக் கொடுப்பது ஆபத்து. மலவாயிலிருந்து சிவந்த சதை பிதுங்கினால் ஈரத்துணியால் மூடி உடனே வைத்தியரிடம் ஓட வேண்டும். மாலையில் வீட்டுக்குள் வரும் மின்மினியை ஒருபோதும் உண்ண விடாதீர்கள். ஒன்றே ஒன்று பியர்டட் டிராகனைக் கொல்லப் போதும். மற்றப் பூச்சிகளும் அதன் இரு கண்களுக்கு இடைப்பட்ட தூரத்தைவிடப் பெரிதாக இருக்கக் கூடாது. பெட்டியைத் துப்புரவு செய்த கையைச் சவர்க்காரமிட்டுக் கழுவுங்கள், குறிப்பாகச் சிறுபிள்ளைகள் உள்ள வீட்டில். நலமான பல்லியும் சல்மொனெல்லா என்ற நோய்க்கிருமியைச் சுமக்கும்.

தொலைவுக்குக் கொண்டுபோக நேர்ந்தால் காற்றுத் துளையிட்ட பெட்டியில் பழைய துவாய் விரித்து, துணி சுற்றிய சுடுநீர்ப் போத்தல் ஒன்றை ஒரு பக்கத்தில் மட்டும் வையுங்கள். சூடு மிகுந்தால் அது மறுபக்கம் நகர இடம் இருக்கட்டும். புதிதாகக் கழித்த மலத்தைச் சிறு டப்பியில் மூடி, குளிர்சாதனப் பெட்டியில் வைத்திருந்து 24 மணி நேரத்துக்குள் வைத்தியரிடம் சேர்த்துவிடுங்கள். எடை எழுதிய கொப்பியையும் எடுத்துச் செல்லுங்கள். கண்டியில் வைத்தியர் என்னிடம் முதலில் கேட்டது அதைத்தான், அன்று என்னிடம் அது இருக்கவில்லை.