திருப்புடைமருதூரில் குளவி பார்க்கப் போனோம்

ஆட்டோக்காரர் மேல் கோபம் இன்னும் தணியவில்லை. நெல்லையிலிருந்து அம்பை (அம்பாசமுத்திரம்) பஸ் ஏறி வீரவநல்லூரில் இறங்கினோம். அங்கிருந்து திருப்புடைமருதூருக்கு 350 ரூபாய் கேட்டார். கேமரா பையைப் பார்த்ததும் ஏறிய விலை அது. பேசிப் பேசி 250-க்கு ஒத்துக்கொண்டவர், பாதி வழியில் "திரும்பி வர சவாரி கிடைக்காதுல்லா" என்று இன்னொரு 50 கேட்டு வாங்கிக்கொண்டார். இருவரின் மதியச் சாப்பாட்டுக் காசு அதிலேயே போனது. டவுன் பஸ் நேரத்தை விசாரித்துவிட்டுப் போங்கள்.

இந்த ஊருக்கு எல்லோரும் பறவை பார்க்கத்தான் வருவார்கள். 2005-ல் அறிவிக்கப்பட்ட பறவைகள் காப்பகம், ஆற்றங்கரை மருத மரங்கள், நாறும்பூநாதர் கோயில், எல்லாமே அருமை. எங்கள் கண்ணோ மண்டபத்துச் சுவரில் இருந்தது.

ஒரு மண்குளவி ஈரமண்ணை உருண்டையாக வாயில் கவ்வி வந்து, ரீங்காரத்தோடு அப்பிக்கொண்டிருந்தது. அந்த அதிர்வில்தான் மண் பரவிப் படிகிறது. ஒவ்வொரு அறைக்குள்ளும் கொட்டி முடக்கிய சிலந்திகளை அடைத்து, ஒரு முட்டையிட்டு, வாயை மூடிவிடும். சிலந்தி சாகாததால் கெட்டுப்போகாது, புழுவுக்குக் கடைசிவரை புதுக்கறி. பூ விற்ற ஆச்சி எட்டிப் பார்த்து, "எய்யா, அது ஒண்ணுஞ் செய்யாது. வீட்டுல கட்டினா பிள்ளை பொறக்கும்" என்றார். பிள்ளை விஷயம் எப்படியோ, முதல் பாதி சரி. கூட்டைக் காக்க மண்குளவி பாய்ந்து வராது. போனில் மாட்டும் மேக்ரோ லென்ஸே போதும், கிட்டே போய் எடுக்கலாம்.

காகிதக் கூடு கட்டும் குளவிகளிடம் இது நடக்காது. மரநாரை மென்று எச்சிலோடு குழைத்துக் கட்டிய சாம்பல் நிறக் கூடு ஒன்று உத்தரத்தடியில் தொங்கியது. பார்க்க ரோபலிடியா வகை போலிருந்தது. பெங்களூரு இந்திய அறிவியல் நிறுவனத்தில் ராகவேந்திர கடக்கர் பல்லாண்டுகள் ஆராய்ந்த குளவி இந்தப் பேரினத்தில்தான் வருகிறது. அதன் ராணி உருவத்தில் மற்றவற்றைப் போலவே இருக்கும், சாதுவும்கூட. ராணியை எடுத்துவிட்டால் வேலைக்காரிகளில் ஒன்று உடனே முரட்டுத்தனம் காட்டி அடுத்த ராணியாகிவிடும்! எது ராணி என்று தேடித் தேடி 100 மி.மீ. லென்ஸில் எடுத்துத் தள்ளினேன். இறக்கையைத் தூக்கி நம் பக்கம் திரும்பினால் பின்வாங்கிவிட வேண்டும். மூச்சுக்காற்று கூட்டில் படவே கூடாது.

அப்புறம், இன்னொரு மூலையில் யாரோ தீப்பந்தம் காட்டிக் கருக்கிய கூடு கிடந்தது. பார்த்ததும் வயிறு எரிந்தது. காய்கறித் தோட்டத்துப் புழுக்களைத் தின்னும் உயிர்கள் இவை. ஆள் நடமாடும் இடத்தில் கடந்தை என்கிற பெரிய குளவி கூடு கட்டினால் ஆபத்துதான், அதற்குத் தீயணைப்பு நிலையத்துக்குச் சொல்லலாம். இந்தச் சின்னக் கூட்டை எரித்தது அநியாயம்.

சாப்பாட்டுக்கு அம்பை போனோம். சின்னக் கடை ஒன்றில் உளுந்தஞ்சோறும் எள்ளுத் துவையலும் 70 ரூபாய். இரண்டாம் தடவை கேட்டபோதும் முகம் சுளிக்காமல் போட்டார்கள்.