கிராஷ் கிடைத்தது, நம்ப வைக்கத்தான் பெரும்பாடு

வெக்கையான கச்சான் காற்றுக் காலத்தில் மட்டக்களப்புக் கல்லடியில் இருந்துகொண்டு லேப்டாப்பில் ஏஎஃப்எல் ஃபஸ்ஸரை (கோப்புகளைக் கன்னாபின்னாவென்று மாற்றி மாற்றிக் கொடுத்து ஒரு நிரல் எங்கே விழுகிறது என்று தேடும் கருவி) இராப்பகலாக ஓட விடாதீர்கள். “என்ன மனே, அது தண்ணி மோட்டர் மாதிரிக் கத்துது” என்று அம்மா பிளக்கைக் கழற்றப் பார்த்தா.

கிராஷ், அதாவது நிரல் விழும் இடம், லேசாகக் கிடைத்துவிட்டது. விழுந்தது எல்ஃப் கோப்புகளை (லினக்ஸில் ஓடும் நிரல்களின் கோப்பு வடிவம்) பிரித்துக் காட்டும் ஒரு கருவி, பெயர் வேண்டாம். பெயர் அட்டவணை பூச்சிய பைட்டில் முடியாமல் வந்தால், ஹீப் நினைவகத்தில் ஒதுக்கிய இடத்தையும் தாண்டி வாசித்துக்கொண்டே போகிறது.

சங்கடம் கருவியைப் பராமரிப்பவர்களுக்கு மடலில் அறிவித்த பிறகுதான். கிராஷ் ஆக்கும் கோப்பை இணைத்திருந்தேன், இணைப்பு வரவில்லை என்றார்கள்: பைனரி என்று அவர்களுடைய மெயில் சேர்வரே கழற்றி எறிந்திருக்கிறது. திரும்ப அனுப்பினால், “இங்கே விழவில்லை.” எப்படி விழும்? நாலைந்து பைட் தாண்டி வாசித்தால் சாதாரண பில்ட் பெரும்பாலும் சத்தமில்லாமல் ஓடி முடியும். நினைவகப் பிழைகளைப் பிடிக்கும் அட்ரஸ் சானிடைசரோடு நிரலைக் கட்டினால்தான், ஒதுக்கிய துண்டைச் சுற்றித் தடைவலயம் வைத்து அந்த இடத்திலேயே பிடிக்கும். அதை முதல் மடலிலேயே எழுதியிருந்தேன், வாசிக்கவில்லை. அடுத்தது, “உங்கள் பதிப்பு பழசு.” மாஸ்டரிலும், அதாவது அவர்களுடைய ஆகப் புதிய மூல நிரலிலும், அதே வரி அப்படியே கிடந்தது. (முழுக் களஞ்சியத்தையும் இறக்கி டேட்டாவைக் கரைக்காதீர்கள், கடைசிக் கமிட், அதாவது கடைசியாகப் பதிந்த மாற்றம், மட்டும் போதும்.)

கடைசியில் வேலை செய்தது இதுதான்: ஏஎஃப்எல்லோடு வரும் ஏஎஃப்எல்-டிமின்னால் கோப்பைச் சுருக்கி, ஹெக்ஸ் எழுத்துகளாக மடலுக்குள்ளேயே ஒட்டி, கமிட் எண், கட்டிய கட்டளை, சானிடைசர் வெளியீடு எல்லாவற்றையும் கீழே வைத்தேன். அன்றைக்கே பதில் வந்தது.

ஆனால் “பிழைதான், பாதுகாப்புக் குறைபாடு இல்லை” என்றார்கள். இப்படிச் சொல்வது புதிதில்லை. இதே மாதிரிக் கருவிகளின் தொகுப்பான குனு பின்யுடில்ஸின் பாதுகாப்புக் கொள்கையும் ஆப்ஜ்டம்ப், ரீட்எல்ஃப் போன்றவற்றில் சந்தேகக் கோப்புகளைப் பார்ப்பதென்றால் சாண்ட்பாக்ஸுக்குள், அதாவது தனித்து அடைத்த சூழலுக்குள், பார் என்கிறது. சரி, ஆனால் மால்வேர் பார்க்கிறவன் வேறெந்தக் கோப்பைத் திறப்பான்? வெறும் எழுத்துகளைத் தேடும் பின்யுடில்ஸின் ஸ்ட்ரிங்ஸ் கட்டளையே உள்ளே, கோப்பைப் பிரிக்கும் லிப்பிஎஃப்டி நூலகத்தைக் கூப்பிட்டு மாட்டிக்கொண்டதை 2014இல் ஏஎஃப்எல்லை எழுதிய மிகாவ் ஸலெவ்ஸ்கி காட்டினார். அதற்குக் கொடுத்த சிவிஇ எண் (பாதுகாப்புக் குறைபாடுகளுக்கான பொது அடையாள எண்) சிவிஇ-2014-8485. அதன் பிறகுதான் கோப்பைப் பிரிக்காமல் முழுவதையும் தேடுவது அதன் இயல்பானது. திறக்கும் கருவியே வாசல் என்பதற்கு இதைவிட என்ன வேண்டும்?

சிவிஇ எண்ணுக்கு நான் மல்லுக்கட்டவில்லை. திருத்தம் ஒற்றை நீளச் சோதனை. என் கோப்பும் அவர்களுடைய சோதனைத் தொகுப்பில் ஏறிவிட்டது, அது போதும். லினக்ஸ் டிஸ்ட்ரோ தரும் பொதியில் திருத்தம் இன்னும் வரவில்லை. அதுவரை மாஸ்டரைக் கட்டி, நெட்வேர்க் இல்லாத கொள்கலனுக்குள், ரூட் அல்லாத பயனராக ஓட்டுகிறேன்.