பெர்லினில் என் ஞாயிறு மதியங்கள்

பெர்லினுக்குக் குடிவந்த புதிதில் சனிக்கிழமை இரவு பதினொரு மணிக்கே நடன கிளப் வாசலில் போய் நின்றுவிடுவேன். உள்ளே ஆளே இருக்காது. பளபளப்பான விளம்பரத்தை நம்பி 25 யூரோ கொடுத்து நுழைந்த ஓரிடத்தில் ஒலி தகர டப்பாவைத் தட்டுவதுபோல் இருந்தது. காசு போனதைவிட அந்த இரவு வீணானதுதான் வலித்தது.

இப்போதெல்லாம் யார் இசைக்கிறார், எத்தனை மணி நேரம் என்றுதான் முதலில் பார்க்கிறேன். ரெசிடென்ட் அட்வைசர் என்ற இணையதளத்தில் அந்தப் பட்டியல் கிடைக்கும். ஒரே மேடைக்குப் பத்துப் பெயர்கள் என்றால் தாண்டிவிடுவேன். ஒருவருக்கே நான்கு மணி நேரம் ஒதுக்கியிருந்தால் கட்டாயம் போவேன். இசையை மெல்ல வளர்த்தெடுக்க அவ்வளவு நேரம் வேண்டும். பெயர் புதிதென்றால், 1989 முதல் இயங்கும் ஹார்ட் வாக்ஸ் கடையில் அவருடைய இசைத்தட்டைக் கேட்டுப் பார்ப்பேன்.

மேற்கு பெர்லினில் 1949-லேயே மதுக்கூடங்களின் மூடும் நேரக் கட்டுப்பாட்டை நீக்கிவிட்டார்கள். அந்த வழக்கம் தொடர்வதால்தான் பழைய மின்நிலையக் கட்டடத்தில் உள்ள பெர்கைன் என்ற கிளப்பில் சனி இரவு தொடங்கும் ஆட்டம் திங்கள் காலைவரை நீள்கிறது. நான் நன்றாகத் தூங்கி எழுந்து, சாப்பிட்டுவிட்டு, ஞாயிறு மதியம் போகிறேன். வாசலில் கைப்பேசியின் கேமரா மேல் ஒரு சிறு ஸ்டிக்கரை ஒட்டிவிடுவார்கள். மாடியில் பனோரமா பார் என்ற நடனக்கூடத்தின் ஜன்னல் மறைப்புகள் பாட்டின் உச்சத்தில் சட்டென்று திறக்கும். வெயில் எல்லோர் முகத்திலும் அடிக்கும், கூட்டமே கூவும். அந்த ஒரு நொடிக்காகவே அடுத்த வாரமும் போகிறேன்.