புளியமரம் தூங்கப் போகும் நேரம்

எங்களுடையது தருமபுரி மாவட்டத்துச் சிற்றூர் ஒன்றில் உள்ள ஈராசிரியர் பள்ளி. ஒன்று முதல் மூன்று வரை தலைமையாசிரியர் பார்த்துக்கொள்கிறார். நான்கும் ஐந்தும் என் பொறுப்பு. ஒரே அறையில் 19 பிள்ளைகள். வாசலில் பெரிய புளியமரம். மாசி, பங்குனியில் ஊரே புளி உலுக்கும், தட்டும், கொட்டை எடுக்கும். அந்த நாட்களில் பள்ளிக்கு வரும் பிள்ளைகளின் விரல் நுனிகள் பழுப்பேறி இருக்கும். மரத்தோடு அவர்களுக்கு இருக்கும் பழக்கம் எனக்கு இல்லை.

ஓர் ஆகஸ்ட் மாதம், சுதந்திர தின ஒத்திகை நீண்டு மணி ஆறாகிவிட்டது. பைகளை எடுத்துக்கொண்டு கிளம்பும்போது நான்காம் வகுப்புச் சிறுமி ஒருத்தி அண்ணாந்து பார்த்துச் சொன்னாள்: "டீச்சர், புளியமரம் தூங்கப் போவுது. இனிமே தழை பறிச்சா எங்க ஆயா திட்டும்." மேலே பார்த்தேன். எதிரெதிராக விரிந்திருக்கும் சின்னச் சின்ன இலைகள் இணை இணையாகக் கூம்பிக்கொண்டிருந்தன. அடுத்ததாக அவள் கேட்டாள்: "அதுக்கு மணி எப்பிடி டீச்சர் தெரியும்?"

வெளிச்சம் போய்விட்டதல்லவா, அதனால்தான் என்ற பதில் என் நாக்கு நுனியில் இருந்தது. காலையிலிருந்து கத்திக் கத்தித் தொண்டை கட்டியிருந்ததால், "நாளைக்குப் பேசலாம் கண்ணு" என்று மட்டும் சொல்லி அனுப்பினேன். அன்று பதில் சொல்லாமல் போனது எவ்வளவு நல்லதாயிற்று என்று இப்போதும் நினைத்துக்கொள்கிறேன்.

நான் பணியில் சேர்ந்தது 2009இல். 2003இல் சென்னை மாநகராட்சிப் பள்ளிகள் சிலவற்றில் தொடங்கிய செயல்வழிக் கற்றல், அதற்கு முன்பே மாநிலம் முழுக்கப் பரவியிருந்தது. ஏணிபோல் படிப்படியாக அடுக்கிய பாட அட்டைகளைப் பிள்ளைகளே எடுத்துப் படிக்கும் முறை அது. பிள்ளைகளோடு தரையில் வட்டமாக உட்காரவும், அவரவர் வேகத்தில் படிக்க விடவும் அதில்தான் கற்றுக்கொண்டேன். அந்தக் கடன் எனக்குப் பெரிது. ஆனால் அட்டையை எடுப்பது பிள்ளையின் கை என்றாலும், கேள்வி ஏற்கெனவே அட்டையில் அச்சாகி இருந்தது. பிள்ளையே கொண்டுவரும் கேள்விக்கு ஏணியில் படி இல்லை. அடிப்படை வாசிப்புக்கும் கணக்குக்குமான அரசின் எண்ணும் எழுத்தும் திட்டம் வந்து ஆடலும் பாடலுமாக வகுப்பு கலகலப்பான பிறகும் அந்த ஒரு குறை எனக்குள் இருந்துகொண்டே இருந்தது.

மறுநாள் அந்தக் கேள்வியைக் கரும்பலகையில் எழுதிவிட்டுச் சும்மா நின்றேன். பதில்கள் வந்தன. வெளிச்சம் போவதால். குளிர் வருவதால். காக்காய் வந்து அடைவதால். பகலெல்லாம் நின்று களைத்துப்போவதால். எது சரி, எது தப்பு என்று சொல்லாமல் நான்கையும் எழுதினேன். 'வெளிச்சம்' என்றதற்குத்தான் கை அதிகம் எழுந்தது. ஐந்தாம் வகுப்புப் பையன் ஒருவன் விடவில்லை. "அன்னைக்கு மழை இருட்டு கட்டுச்சே, அப்ப ஏன் மூடலை?" அதற்கு என்னிடமும் பதில் இல்லை. பகலிலேயே இருட்டில் வைத்துப் பார்க்கலாம் என்று முடிவானது. மரத்தைப் பெட்டிக்குள் வைக்க முடியாது. வாய்க்கால் ஓரத்திலிருந்து ஒரு தொட்டாற்சிணுங்கியை வேர்மண்ணோடு பெயர்த்துப் பெயின்ட் டப்பாவில் நட்டார்கள். அதுவும் பொழுது சாய்ந்தால் கூம்பும்.

நான்கு நாள் கழித்துச் செடி தேறியதும், மாலையில் இரும்பு பீரோவுக்குள் வைத்துப் பூட்டினோம். காலையில் திறந்தோம். கதவு டமாரென்று அடித்த அதிர்ச்சியில் இலையெல்லாம் மூடிக்கொண்டது. திறப்பதற்கு முன் விரிந்திருந்ததா இல்லையா? ஒரே சண்டை. சண்டையின் முடிவில் அவர்களே வழி கண்டுபிடித்தார்கள். சன்னல் இல்லாத சாமான் அறையில் டப்பாவைத் தரையில் வைத்து, பாடநூல் வந்த அட்டைப் பெட்டியைக் கவிழ்த்து, மேலே கறுப்புத் துணி போர்த்தினார்கள். மறுநாள் காலை பத்து மணிக்கு இரண்டு பேர் மூச்சைப் பிடித்துக்கொண்டு பெட்டியை மெல்லத் தூக்கினார்கள்.

இலைகள் விரிந்திருந்தன.

யாரும் பேசவில்லை. "அப்ப வெளிச்சம் இல்ல டீச்சர்" என்றான் ஒருவன். பதினைந்து வருடமாக நான் நம்பியிருந்த விடை அது.

அன்றிரவு உட்கார்ந்து படித்தேன். 1729இல் பிரெஞ்சு அறிஞர் டி மைரான் இதே சோதனையைத் தொட்டாற்சிணுங்கி வகைச் செடியில் செய்து, இருட்டிலும் அது பகல் நேரத்தில் விரிவதைப் பதிவு செய்திருக்கிறார். வெளியே வெளிச்சம் இல்லாவிட்டாலும் நேரம் அறியும் ஒரு கடிகாரம் உயிர்களுக்குள் ஓடுகிறது. அதன் இயக்கத்தைப் பழ ஈக்களில் கண்டறிந்தவர்களுக்கு 2017இல் மருத்துவ நோபல் பரிசு கிடைத்தது. எனக்குப் பிடித்துப்போனது இன்னொன்று. அலெக்சாந்தரின் படையில் இருந்த ஆண்ட்ரொஸ்தெனிஸ், இன்றைய பஹ்ரைன் தீவில் ஒரு மரம் இரவில் மூடிப் பகலில் விரிவதைக் குறித்துவைத்திருக்கிறார். அது புளியமரம் என்றே கருதுகிறார்கள். மரம் தூங்குவதாக அந்த ஊர் மக்கள் சொன்னார்களாம். 2,300 ஆண்டுகளுக்கு முன்! வகுப்பில் இதைச் சொன்னதும், "எங்க ஆயா மாதிரியே" என்று அந்தச் சிறுமி துள்ளினாள்.

வெளிச்சத்துக்கு வேலையே இல்லை என்று விட்டுவிடவும் கூடாது. உள்ளே ஓடும் கடிகாரத்தை அன்றாடம் சரிசெய்து வைப்பது வெளிச்சம்தான். கைலென்ஸில் இலைக்காம்பின் அடியில் உள்ள சிறு தடிப்பைக் காட்டினேன். அதன் ஒரு பக்கச் செல்களில் நீர் ஏறி, மறுபக்கத்தில் இறங்கும்போது இலை மடங்குகிறது. வரிசையில் நின்று ஒவ்வொருவராகப் பார்த்தார்கள். அந்த வாரப் பாடம் பாதியில் நின்றது. அடுத்த வாரம் பிடித்துக்கொண்டோம்.

எங்கள் வகுப்பில் 'யோசனை நோட்டு' என்று ஒன்று உண்டு. வாரக் கடைசியில் பார்த்தது, தோன்றியது, இன்னும் கேட்க வேண்டியது என எதை வேண்டுமானாலும் எழுதலாம், வரையலாம். சிவப்பு மை போட மாட்டேன். எழுத்துப் பிழை தாராளமாக இருக்கும். முதலில் அதைத் திருத்தாமல் விட எனக்கு மனம் ஒப்பவில்லை. ஆனால் திருத்தத் தொடங்கினால் பிள்ளைகள் தெரிந்த சொற்களை மட்டும் வைத்து எழுதிவிட்டுப் போய்விடுகிறார்கள். நினைத்தது நோட்டுக்கு வருவதில்லை.

அந்த வாரம், புளியமரத்தைப் பற்றிக் கேட்ட அந்தச் சிறுமி ஒரு பெட்டி வரைந்திருந்தாள். உள்ளே பென்சிலால் அழுத்தி அழுத்திக் கறுப்பு. நடுவில் செடி இல்லை, ரெட்டைச் சடை போட்ட ஒரு பிள்ளை, கண்ணைத் திறந்தபடி. கீழே எழுதியிருந்தாள்: "அம்மா அப்பா பெங்களூர்ல இருக்காங்க. என்ன யாரும் எழுப்ப மாட்டாங்க. நானே எந்திரிச்சிக்குவேன். செடியும் அப்பிடித்தான்."

கட்டட வேலைக்குப் பெங்களூர் போகும் குடும்பங்கள் எங்கள் பக்கம் நிறைய. அவள் பெற்றோரும் போயிருப்பது எனக்குத் தெரியும். காது கேட்காத ஆயாவோடு இருந்துகொண்டு, தானே எழுந்து, தலை பின்னிக்கொண்டு, ஒன்பது மணிக்குள் வந்து நிற்கிறாள் என்பதை அந்தப் பெட்டியைப் பார்த்த பிறகுதான் முழுதாக உணர்ந்தேன். தாமதமாக வந்த சில நாட்களில் அவளை நான் கடிந்துகொண்டிருக்கிறேன். அவளைக் கூப்பிட்டுப் பக்கத்தில் உட்கார்த்தி, படத்தைப் பற்றிச் சொல்லச் சொன்னேன். ரொம்ப நேரம் பேசினாள்.

பக்கத்தின் மூலையில் இன்னொரு கேள்வியும் இருந்தது: "மரம் எத்தினி மணிக்கு எந்திரிக்கும்?" திங்கட்கிழமை பிரேயருக்கு முன்பே ஓடிவந்து நோட்டை நீட்டினாள். "நாலு மணி. மூடி இருக்கு. அஞ்சர மணி. கொஞ்சம் தெறந்திருக்கு. ஆயா டார்ச் அடிச்சுது."