'கெட்' பிரிப்பு: கெதார்ஸே பெட்டி மட்டும் மூட மாட்டேன் என்கிறது

'கெட்' (get) வரும் 160 ஆங்கில வாக்கியங்களை ஸ்பானிஷுக்குக் கொண்டுபோகும் வேலையில் 122 முடிந்தது. மிச்சம் 38. எல்லாம் ஒரே இடத்தில்தான் முட்டி நிற்கின்றன: 'கெட்'டுக்குப் பின்னால் பெயரடை வரும் இடம். கோபமாவது, குருடாவது, பணக்காரனாவது, கிழவனாவது.

பெயர்ச்சொல் வந்தவை மடமடவென்று முடிந்தன. கடிதம் வந்தால் 'ரெஸிபீர்', அலைந்து வேலை கிடைத்தால் 'கொன்ஸெகீர்', வீடு போய்ச் சேர்ந்தால் 'யெகார்', தண்ணீர் கொண்டு வந்தால் 'த்ராஎர்'. பஸ் பிடிப்பதில் மட்டும் நாடு பார்க்க வேண்டும். ஸ்பெயினில் 'கொஹெர்' அன்றாடச் சொல். மெக்ஸிகோவிலும் அர்ஜென்டினாவிலும் அதையே சொன்னால் படுக்கையறைச் சமாசாரம், அங்கே 'தோமார்'தான். கொலம்பியாவில் மறுபடி 'கொஹெர்' சாதாரணம். அதனால் ஆன்கி (மனப்பாட அட்டைச் செயலி) அட்டையின் முன்பக்கத்திலேயே நாட்டின் பெயரைப் போட்டாயிற்று.

வேலை போன வாக்கியத்துக்கு ஆங்கிலத்தைப் பார்த்துச் செயப்பாட்டுவினை போட்டால் செய்தித்தாள் வாடை அடிக்கும். 'லோ எச்சாரோன்' போதும். யார் என்று சொல்லாத 'அவர்கள்'. நாம் 'வேலையை விட்டுத் தூக்கிட்டாங்க' என்கிறோமே, அச்சு அசல் அதே கட்டு.

இனி பெயரடை. முதல் சல்லடை ரொம்ப எளிது: ஸ்பானிஷ் பெயரடை 'ஆதோ', 'இதோ' என்று முடிகிறதா? முடிந்தால் அதற்குத் தனி வினை இருக்கிறதா என்று முதலில் தேடுங்கள். களைப்பு 'கன்ஸார்ஸே', நனைவது 'மொஹார்ஸே', கல்யாணம் 'கஸார்ஸே', வழி தவறுவது 'பெர்தெர்ஸே'. அடுத்த சல்லடை 'எஸெர்' என்று முடியும் வினைகள்: கிழடு தட்டினால் 'என்வெஹெஸெர்', முகம் வெளுத்தால் 'பாலிதெஸெர்', இருட்டினால் 'ஒஸ்குரெஸெர்'. பெயரடை வந்தவற்றில் பாதிக்கு மேல் இந்த இரண்டிலேயே கழிந்துவிட்டது.

தப்பி வந்தவை நாலு பெட்டிக்குப் போகும். அந்த நேரத்து மாற்றம் (மனநிலை, உடல்நிலை, நிறம்) என்றால் 'போனெர்ஸே'. சுபாவமே மாறினால் 'வோல்வெர்ஸே'. தானே விரும்பி ஆனாலோ மெல்ல மெல்ல ஆனாலோ 'அஸெர்ஸே'. டாக்டர் ஆவதும் பணக்காரன் ஆவதும் இங்கே. ஏதோ நடந்து முடிந்து அதன் விளைவாக மிஞ்சும் நிலை 'கெதார்ஸே'. விதியை அட்டையில் எழுதிப் பிரயோஜனமில்லை, மறுநாளே மறந்துபோகும். ஜோடி போட்டால் நிற்கிறது: 'ஸே புஸோ த்ரிஸ்தே' என்றால் முகம் வாடியது, 'ஸே வோல்வியோ த்ரிஸ்தே' என்றால் ஆளே சோகமான ஆளாகிவிட்டான்.

தலைவலி கொடுப்பது கெதார்ஸேதான். 'இழப்பு என்றால் கெதார்ஸே' என்று பாடப்புத்தகங்கள் சொல்லிக்கொடுக்கும். குருடு, செவிடு, வழுக்கை, கைம்மை எல்லாம் ஒழுங்காக உள்ளே போகின்றன. கர்ப்பமாவதும் ஸ்பெயினில் 'கெதார்ஸே எம்பராஸாதா' என்பதுதான் இடிக்கிறது (லத்தீன் அமெரிக்க நாடுகளில் பெரும்பாலும் 'ஸே' இல்லாமல் வெறும் 'கெதார்'). அதில் என்ன இழப்பு?

இங்கே ஆங்கிலத்தைத் தள்ளிவைத்துவிட்டுத் தமிழில் சொல்லிப் பார்த்ததில் கொஞ்சம் வழி திறந்தது. தமிழில் 'போ' ஒட்டினால் பெரும்பாலும் கெதார்ஸே. காது கேட்காமல் போச்சு: 'ஸே கெதோ ஸோர்தோ'. வாயடைத்துப் போனான்: 'ஸே கெதோ மூதோ'. கண்ணயர்ந்து போனான்: 'ஸே கெதோ தோர்மிதோ', அதாவது தூங்க நினைக்காமலே தூங்கியது. உறைந்து போனான் என்பதற்கு 'ஸே கெதோ எலாதோ'. 'எலாதோ' என்றாலும் உறைந்த என்றுதான் பொருள், உவமைகூட மாறவில்லை. 'ஆயிட்டான்' மட்டும் போதும் என்றால் போனெர்ஸே பக்கம் பாருங்கள்.

ஆனால் இதை விதியாக நம்ப முடியாது. பால் கெட்டுப்போச்சு என்றால் ஸ்பெயினில் 'ஸே ஆ புவெஸ்தோ மாலா', போனெர்ஸே. பயந்துபோனான் என்றால் தனி வினை, 'ஸே அஸுஸ்தோ'. கர்ப்பத்துக்குத் தமிழும் கைகொடுக்கவில்லை. இப்போதைக்கு எம்பராஸாதாவைத் தனி அட்டையாக மனப்பாடப் பக்கம் தள்ளியாயிற்று.

சரிபார்க்க ஸ்பானிஷ் ராயல் அகாதெமியின் 'கோர்பெஸ்' தொகுப்பு. இலவசம், நாடுவாரியாக வடிகட்டலாம், 2001 முதலான பேச்சும் எழுத்தும். அதற்கு முந்தையதற்கு அதே அகாதெமியின் 1975 முதல் 2004 வரையான 'கிரேயா' தொகுப்பு. தேடும்போது வினையின் மூலவடிவம் மட்டும் கொடுத்தால் குப்பைதான் வரும்: 'போனெர்ஸே' என்றால் கோட்டு மாட்டியதும் அழ ஆரம்பித்ததும் சேர்ந்து கொட்டும், 'வோல்வெர்ஸே' என்றால் திரும்பிப் பார்த்தவன் எல்லாம் வருவான். அடுத்த சொல் பெயரடையாக இருக்கணும் என்று கட்டுப்படுத்திய பிறகே உருப்படியாகிறது. அப்போதும் கெதார்ஸேயில் 'அப்படியே இருந்தான்' என்ற பொருள் கலந்து வரும், கண்ணால் பார்த்துத்தான் பொறுக்கணும். அஸெர்ஸேயில் இன்னொரு கண்ணிவெடி: நடுவில் 'எல்' (ஆங்கில 'தி' போன்ற சொல்) நுழைந்தால் பொருளே வேறு. 'ஸே ஈஸோ எல் முவெர்தோ' என்றால் செத்ததுபோல நடித்தான். அந்த ஒரு 'எல்'லை விட்டுவிட்ட அட்டை இரண்டைக் கிழித்துப் போட வேண்டியதாயிற்று.

பசி, தூக்கம், குளிர் மூன்றையும் எந்தப் பெட்டியிலும் போடாதீர்கள். அங்கே பெயரடையே வராது. 'மே தியோ ஆம்ப்ரே', 'மே என்ட்ரோ ஸுவேன்யோ'. எனக்குப் பசி எடுத்தது, எனக்குத் தூக்கம் வந்தது. 'எனக்கு' உட்பட அப்படியே நம் கட்டு. ஆங்கிலம் வழியாகப் போகிறவர்கள்தான் இதில் சுற்றி வளைத்து மாட்டிக்கொள்கிறார்கள்.

38ஐ முடிக்காமலே அடுத்த ஆங்கில வினையான 'ரன்'னுக்குப் (run) பட்டியல் தொடங்கியாயிற்று, கை சும்மா இருக்கவில்லை. இயந்திரம் ஓடினால் 'ஃபுன்ஸியோனார்', சாயம் போனால் 'தெஸ்தென்யீர்', தேர்தலில் நின்றால் ஸ்பெயினில் 'ப்ரெஸென்தார்ஸே', லத்தீன் அமெரிக்க நாடுகளில் 'போஸ்துலார்ஸே'. கம்பெனி நடத்துவதற்கு மூன்று வினைகள் போட்டி போடுகின்றன, அதற்குள் இன்னும் இறங்கவில்லை. இந்த வாரம் முதலில் 'கொன்தென்தோ': மகிழ்ந்தான் என்றால் 'ஸே புஸோ', திருப்தியோடு விட்டான் என்றால் 'ஸே கெதோ'. அந்த ஜோடிக்கு நாட்டுக்கு 5 என்று உதாரணம் பொறுக்கிக்கொண்டிருக்கிறேன். மெக்ஸிகோ முடிந்தது, பெரு பாதியில் நிற்கிறது.